டிராகன் என்ன சாப்பிடும்? கற்பனை விலங்குக்கும் ஒரு வாழ்க்கை முறை உண்டு

இன்னைக்கு டாபிக் டிராகன். குழந்தைங்க சமாச்சாரம்னு ஸ்கிப் பண்ணிடாதீங்க, கடைசியில நம்ம ஊர் ஏரிக்கரைக்கே வந்து சேருவோம்.

டிராகன் கதைகள்ல அடிக்கடி நடக்குற ஒரு விஷயம், புதுசா ஒரு இனத்தைக் கண்டுபிடிக்கிறது. ஹாரி பாட்டர் உலகத்துல பத்து டிராகன் இனம் இருக்கு, பெரும்பாலானதுக்குப் பேர்லயே ஒரு ஊரோ நாடோ இருக்கும். நவோமி நோவிக் எழுதின டெமெரேர் நாவல்கள்ல, நெப்போலியன் காலத்து நாடுகள் குதிரை வளர்க்கிற மாதிரி டிராகன் இனங்களை வளர்த்துப் போருக்கு அனுப்பும். கேம்கள்லயும் அனிமேலயும் வர்றதையெல்லாம் எண்ணவே முடியாது. ஆனா இத்தனை இனத்துல சிலதுதான் மனசுல நிக்குது. மத்ததெல்லாம் கலர் மாத்தி, கொம்பு ஒட்ட வெச்ச பொம்மையாப் போயிடுது.

இந்த வித்தியாசம் எங்க இருந்து வருது? அந்த டிராகன் என்ன சாப்பிடும், எங்க தூங்கும், எதுக்குப் பயப்படும், அதால என்ன செய்ய முடியாது? இதுக்கெல்லாம் பதில் இருந்தா அது விலங்கு. பதில் இல்லைன்னா அது வெறும் டிசைன். இதை நல்லாப் புரிஞ்சு எடுத்த ஒரு படத்தை வெச்சே பேசலாம்: 'ஹவ் டு ட்ரெய்ன் யுவர் டிராகன்'.

எல்லாப் பக்கத்துலயும் ஒரே வரி

க்ரெசிடா கோவெல் எழுதின நாவல் 2003-ல வந்தது. ட்ரீம்வொர்க்ஸ் அதை 2010-ல அனிமேஷன் படமாக்கினாங்க. 2025-ல நிஜ நடிகர்களை வெச்சு மறுபடியும் எடுத்தாங்க. கதை நடக்குறது பெர்க்னு ஒரு தீவு. அங்க இருக்குறது வைக்கிங் மக்கள். ராத்திரியானா டிராகன்கள் வந்து ஆடு, மீன் எல்லாத்தையும் தூக்கிட்டுப் போகும். பல தலைமுறையா சண்டை.

அந்த ஊர்ல டிராகன்களைப் பத்தி ஒரு கையேடு இருக்கு. எந்த இனம் நெருப்பு கக்கும், எது வெந்நீர் பீய்ச்சும், எது உயிரோட புதைக்கும்னு பக்கம் பக்கமா எழுதி வெச்சிருப்பாங்க. ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய ஒரே இடத்துலதான் போய் முடியும்: ரொம்ப ஆபத்து, பார்த்ததும் கொன்னுடு. நைட் ஃப்யூரிங்கிற இனத்தோட பக்கம் கிட்டத்தட்ட காலி. அளவு தெரியாது, வேகம் தெரியாது.

அதாவது, முன்னூறு வருஷம் சண்டை போட்டவங்ககிட்ட ஆயுதத்தைப் பத்தின குறிப்பு இருக்கு, விலங்கைப் பத்தின குறிப்பு இல்லை. டிராகன் எப்படி அடிக்கும்னு தெரியும். ஏன் வருதுன்னு யாரும் கேட்கலை. ஹிக்கப்னு ஒரு பையன் அந்தக் காலிப் பக்கத்தை நிரப்புறதுதான் மொத்தப் படமும். இதுல அழகு என்னன்னா, படம் காட்டுற ஒவ்வொரு பழக்கத்துக்கும் பக்கத்துல நிஜ உலகத்துல இருந்து ஒரு விலங்கை நிறுத்த முடியும். ஒண்ணொண்ணாப் பார்ப்போம்.

நாலு காலா, ரெண்டு காலா?

டிராகன் ரசிகர்கள் நடுவுல தீராத சண்டை இது. டூத்லெஸ்ஸுக்கு நாலு கால், அதுக்கு மேல ரெண்டு இறக்கை. கேம் ஆஃப் த்ரோன்ஸ் டிராகன்களுக்கு ரெண்டு கால், ரெண்டு இறக்கை. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் ரெண்டு கால்தான் சரின்னு உறுதியாச் சொல்றவர். நாலு காலும் இறக்கையும் சேர்ந்த விலங்கு இயற்கையில இல்லைங்கிறது அவரோட வாதம்.

உயிரியல் அவர் பக்கம்தான். சுமார் 37 கோடி ஆண்டுகளுக்கு முன்னாடி, நீரை விட்டு நிலத்துக்கு வரத் தொடங்கின மீன்களோட உடம்புல நாலு கை கால்தான் இருந்தது. தவளை, பல்லி, பறவை, மாடு, நாம எல்லாருமே அந்த அடிப்படையிலதான் வந்திருக்கோம். பறவையோட இறக்கை அதோட முன்னங்கால். வௌவாலுக்கும் அதுவேதான். டைனோசர் காலத்துல பறந்த டெரோசர்களுக்கும் அப்படித்தான். இறக்கை வேணும்னா கையை விட்டுக்கொடுக்கணும்.

ஆனா ஒரு விதிவிலக்கு இருக்கு, அதுவும் நம்ம பக்கத்துலயே. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள்ல 'டிராக்கோ டுசுமியேரி'ன்னு ஒரு பறக்கும் ஓணான் இருக்கு. நாலு காலும் அப்படியே இருக்கும், கூடவே ரெண்டு பக்கமும் இறக்கை மாதிரி தோல் விரியும். எப்படி? அதோட விலா எலும்புகள் நீளமா வளர்ந்து, குடைக் கம்பி மாதிரி தோலைத் தாங்குது. மரத்துல இருந்து குதிச்சதும் முன்னங்காலால அந்தத் தோலோட முன் விளிம்பைப் பிடிச்சுக்கும். பாராசூட் கயிறைப் பிடிச்சு திசை திருப்புற மாதிரிதான். மேல எழும்பிப் பறக்க முடியாது, மரம் விட்டு மரம் சறுக்கும். சாப்பாடு பெரும்பாலும் எறும்பு. முட்டை போட மட்டும் பெண் ஓணான் தரைக்கு இறங்கும்.

1758-ல லின்னேயஸ் இந்த ஓணான் வகைக்கு வெச்ச அறிவியல் பேரே டிராக்கோ, லத்தீன்ல டிராகன். கைக்குள்ள அடங்கிடுற டிராகன், எறும்பு தின்னுக்கிட்டு மரத்துல உட்கார்ந்திருக்கு.

எவ்வளவு பெருசா இருந்தா பறக்க முடியும்?

ஒரு விலங்கை அதே வடிவத்துல ரெண்டு மடங்கு நீளமாக்கினா, இறக்கையோட பரப்பு நாலு மடங்கு ஆகும். ஆனா எடை எட்டு மடங்கு ஆகிடும். பெருசாக்கப் பெருசாக்க, இறக்கையால உடம்பைத் தூக்க முடியாம போற ஒரு இடம் வந்தே தீரும்.

நமக்குத் தெரிஞ்சு அந்த எல்லைக்குப் பக்கத்துல போனது கெட்ஸால்கோட்லஸ்ங்கிற டெரோசர். 1971-ல அமெரிக்காவுல டெக்சாஸ் மாநிலத்துல அதோட எலும்பு கிடைச்சது. இறக்கை விரிச்சா 10 மீட்டர் அளவு, நின்னா ஒட்டகச்சிவிங்கி உயரம். அவ்வளவு பெரிய உடம்பு தரையில இருந்து எப்படிக் கிளம்பியிருக்கும்? பறவை மாதிரி பின்னங்காலை மட்டும் நம்பாம, மடக்கின இறக்கையையும் தரையில ஊன்றி நாலு காலாலயும் எகிறியிருக்கும்னு ஆராய்ச்சியாளர்கள் பலர் சொல்றாங்க.

கல்லு மாதிரி கனமா, குட்டி இறக்கையை வண்டு மாதிரி அடிச்சுக்கிட்டுப் பறக்குற கிராங்கிள் டிராகனை இந்தக் கணக்குல பாஸ் பண்ண வைக்க முடியாது. அது படத்துக்கு நாம கொடுக்குற சலுகை. ஆனா அந்தக் கிராங்கிளை நாம நம்புறோமே, அதுக்குக் காரணம் அதோட சாப்பாடு.

நெருப்புக்கு ஒரு விலை

கிராங்கிள் கல்லைத் தின்னும். அந்தக் கல்லையே உருக்கி எரிகுழம்பா துப்பும். கல் தின்கிறது கற்பனையான்னா, பாதிதான். கோழி சின்னச் சின்னக் கல்லை விழுங்கும். வயித்துக்குள்ள இருக்கிற தடிச்ச தசைப் பையில அந்தக் கல்லு தானியத்தை அரைச்சுக் கொடுக்கும். முதலையும் கல் விழுங்கும்.

இன்னொரு விஷயம் கவனிங்க. கிராங்கிளால ஆறு தடவைதான் துப்ப முடியும், அதுக்கு மேல சரக்கு காலி. இந்த எண்ணிக்கை ரொம்ப முக்கியம். நிஜ விலங்கு எதுவும் ஆயுதத்தை வீணாக்காது. பாம்புக்கு விஷம் சுரக்க நாளாகும், அதனால பல பாம்புகள் முதல்ல சீறி எச்சரிக்கை பண்ணும். நினைச்ச நேரத்துக்கு, நினைச்ச அளவு நெருப்பு கக்குற டிராகன் எனக்குப் போரடிக்கும். கணக்குப் பார்த்துக் கக்குற டிராகன் பயமா இருக்கும்.

அடுத்தது ஹிடியஸ் ஸிப்பிள்பேக். ரெண்டு தலை. ஒரு தலை வாயுவை விடும், இன்னொரு தலை பொறி வைக்கும். தனித்தனியா ரெண்டாலயும் எரிக்க முடியாது. இதே தத்துவத்துல வேலை செய்யுற ஒரு பூச்சி நிஜமாவே இருக்கு, பாம்பார்டியர் வண்டு. அதோட வயித்துப் பகுதியில ஹைட்ரஜன் பெராக்சைடும் ஹைட்ரோகுவினோனும் ஒரு அறையில இருக்கும். அவை ரெண்டும் சேர்ந்து இருந்தாலும் சும்மாதான் இருக்கும். ஆபத்து வந்தா அந்தக் கலவை பக்கத்து அறைக்குப் போகும். அங்க இருக்கிற நொதிகள் பட்டதும் கொதிச்சு வெடிக்கும். சுமார் 100 டிகிரி செல்சியஸ் சூட்டுல, நொடிக்கு நூற்றுக்கணக்கான துடிப்புகளா வெளிய பீய்ச்சும். எதிரி வர்ற திசை பார்த்துக் குறியும் வைக்கும். விரல் நுனி அளவு வண்டு அது.

இந்த மாதிரி யோசிச்சவங்க முன்னாடியும் உண்டு. 1979-ல பீட்டர் டிக்கின்சன் 'தி ஃப்ளைட் ஆஃப் டிராகன்ஸ்'ன்னு ஒரு புத்தகம் எழுதினார். டிராகன் நிஜமா இருந்திருந்தா எப்படி இருந்திருக்கும்னு யோசிச்ச புத்தகம். வயித்து அமிலத்துல ஹைட்ரஜன் வாயு உருவாகும், அதுதான் உடம்பை மிதக்க வைக்கும், அதையே எரிச்சா நெருப்புன்னு அவர் கணக்கு. பறக்குறதும் நெருப்பும் ஒரே காரணத்துல இருந்து வருது பாருங்க.

பார்க்க முடியாத இடம்

டெட்லி நாடர்னு ஒரு இனம். வால்ல முள்ளு, நடை முழுக்கப் பறவை மாதிரி. அதுக்கு மூக்குக்கு நேர் முன்னாடி கண் தெரியாது. படத்துல பசங்க அந்த இடத்துல போய் ஒளிஞ்சுப்பாங்க. குதிரைக்கும் இதே பிரச்சனை உண்டு. கண்ணு ரெண்டும் பக்கவாட்டுல இருக்கிறதால சுத்திலும் நிறைய தெரியும், ஆனா மூஞ்சிக்கு நேர் முன்னாடியும் பின்னாடியும் கொஞ்ச இடம் தெரியாது. குதிரை தெரிஞ்சவங்க பக்கவாட்டுல இருந்து கிட்டப் போறது இதனாலதான்.

இந்தத் தகவலை ரெண்டு விதமாப் பயன்படுத்தலாம். அடிக்கலாம், இல்லைன்னா அது மிரளாத மாதிரி பக்கத்துல போகலாம். பெர்க் தீவு மக்கள் முதல் விதம், ஹிக்கப் ரெண்டாவது விதம்.

ஹிக்கப் எடுத்த நோட்ஸ்

ஹிக்கப் ஒரு நைட் ஃப்யூரியை வீழ்த்திடுறான். வால் துடுப்புல ஒண்ணு போச்சு, அதால பறக்க முடியலை. பள்ளத்தாக்குல மாட்டிக்கிட்ட அந்த டிராகனை இவன் தினமும் போய்ப் பார்க்கிறான். விலாங்கு மீனைக் கண்டா ஒதுங்குது. ஒரு வகைப் புல்லைக் கண்டா உருண்டு புரளுது. தாடைக்குக் கீழ சொறிஞ்சா சொக்கிப் போயிடுது. ஒரு கட்டத்துல தின்ன மீன்ல பாதியைக் கக்கி இவனுக்குக் கொடுக்குது.

வீட்ல பூனை இருக்கிறவங்களுக்கு இந்நேரம் சிரிப்பு வந்திருக்கும். கேட்னிப்ங்கிற செடிக்குப் பூனை இப்படித்தான் புரளும். கக்கிக் கொடுக்குறது ஓநாயும் பல பறவைகளும் குட்டிக்கு ஊட்டுற முறை. அப்போ டூத்லெஸ் அந்தப் பையனைத் தன் கூட்டத்துல சேர்த்துக்கிச்சுன்னு அர்த்தம். வசனமே இல்லாம நமக்கு இது புரியுது, ஏன்னா நாம விலங்குகளைப் பார்த்து வளர்ந்தவங்க.

அப்புறம் பெரிய கண்டுபிடிப்பு. டிராகன்கள் ஆட்டைத் தூக்குறது தங்களுக்காக இல்லை. அவங்க தீவுக்குள்ள ஒரு ராட்சச டிராகன் இருக்கு, அதுக்குத்தான் இரை கொண்டு போகுதுங்க. குறைஞ்சா அது இவங்களையே தின்னுடும். படத்துல இதைத் தேனீக் கூட்டோட ஒப்பிடுவாங்க. நிஜத் தேனீக் கூட்டுல ராணி அப்படி மிரட்டுறதில்லை. முட்டை போடுறதுதான் அதோட வேலை, எப்போ புது ராணியை வளர்க்கணும்னு முடிவு பண்றது வேலைக்காரத் தேனீக்கள். ஆனாலும் கேள்வி சரியான கேள்வி: இந்தப் பழக்கம் எதுக்காக? அந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைச்சதும் பல தலைமுறைச் சண்டைக்கு வழி பிறக்குது.

புது இனம்: லைட் ஃப்யூரி

2019-ல வந்த மூணாவது படத்துல ஒரு புது இனம் வருது. வெள்ளையா, மனுஷனை நம்பாத லைட் ஃப்யூரி. டூத்லெஸ் அதுக்கு முன்னாடி ஆடுது, சொதப்புது, அப்புறம் மணல்ல அதோட உருவத்தை வரையுது.

இது கொஞ்சம் ஓவரா தெரியுதா? 1995-ல ஜப்பான்ல அமாமி ஓஷிமா தீவுப் பக்கம் கடலுக்குள்ள முங்கினவங்க, மணல் தரையில சுமார் 2 மீட்டர் அகலத்துக்குக் கோலம் மாதிரி வட்டங்களைப் பார்த்தாங்க. யார் போட்டதுன்னு பல வருஷம் தெரியலை. கடைசியில பார்த்தா, விரல் நீள பேத்தை மீன். ஆண் மீன் நாள்கணக்கா துடுப்பால மணலைத் தள்ளித் தள்ளி அந்தக் கோலத்தைப் போடும். பெண் மீன் வந்து பிடிச்சிருந்தா நடுவுல முட்டையிடும். அறிவியலுக்கே அது புது இனம், 2014-லதான் பேர் வெச்சாங்க. டூத்லெஸ் வரையுறது அதுக்குப் பக்கத்துல சாதாரணம்.

நிஜ டிராகன்களோட கையேடு

சரி, டிராகன்னு பேர் வெச்ச நிஜப் பெரிய விலங்குக்கு வருவோம். இந்தோனேசியாவோட கொமோடோ டிராகன். 1910-ல ஒரு டச்சு ராணுவ அதிகாரி மூலமா செய்தி வெளிய வந்தது, 1912-ல பீட்டர் ஓவன்ஸ் அதுக்கு அறிவியல் பேர் வெச்சார். 'கண்டுபிடிச்சாங்க'ன்னு நாம சொல்றோம். அந்தத் தீவு மக்களுக்கு அது எப்பவுமே தெரியும், அவங்க வெச்ச பேர் ஓரா.

3 மீட்டர் வரைக்கும் வளரும். குட்டிகள் முதல் சில வருஷம் மரத்து மேலயே இருக்கும், ஏன்னா கீழ இருக்கிற பெரியதுங்க இதுங்களைத் தின்னுடும். ஆண் துணை இல்லாமயே பெண் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்க முடியும்னு 2006-ல இங்கிலாந்து விலங்குக்காட்சி சாலைகள்ல தெரிய வந்தது. 2024-ல வந்த ஆய்வு, அதோட பல்லு நுனியில இரும்புப் பூச்சு இருக்குன்னு சொல்லுச்சு. இதையெல்லாம் யாராவது ஃபேன்டஸி நாவல்ல எழுதியிருந்தா, ஓவர் கற்பனைன்னு சொல்லியிருப்போம்.

இதுக்கும் ஒரு தப்பான கையேடு இருந்தது. கொமோடோவோட வாய் அவ்வளவு அழுக்கு, அதுல இருக்கிற பாக்டீரியாதான் இரையைக் கொல்லுதுன்னு பல வருஷம் பாடமாவே சொன்னாங்க. 2009-ல பிரையன் ஃப்ரை குழு ஸ்கேன் பண்ணிப் பார்த்தப்போ, கீழ்த்தாடையில விஷச் சுரப்பி இருந்தது. ரத்தம் உறையாம தடுத்து, ரத்த அழுத்தத்தைக் குறைக்கிற விஷம்.

2021-ல பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் கொமோடோவை அழியும் அபாயத்துல இருக்கிற இனமா அறிவிச்சது. சூடு கூடுது, கடல் மட்டம் ஏறுது. அடுத்த 45 வருஷத்துல அது வாழத் தகுந்த இடத்துல 30 சதவீதமாவது போயிடும்னு அவங்க கணிப்பு. தீவை விட்டு அது எங்க போகும்?

நம்ம ஏரிக்கரை டிராகன்

கொமோடோவோட அறிவியல் பேர்ல முதல் பாதி வரானஸ். அதே பேரினத்துல நம்ம ஊர்லயும் ஒண்ணு இருக்கு. உடும்பு! பிளந்த நாக்கு, செதில் உடம்பு, உறுதியான நகம். வயல்வெளியில மட்டுமில்லை, நகரத்து ஓரத்துல புதர், ஏரிக்கரை, காலி மனை இருக்கிற இடத்துலயும் வரும். பூச்சி, எலி, நண்டு, முட்டை, செத்த பிராணி எல்லாம் தின்னும். நம்மைத் தேடி வந்து கடிக்கிற விலங்கு இல்லை, ஆளைப் பார்த்தா ஓடப் பார்க்கும்.

ஆனா நம்ம கையேட்டுல என்ன எழுதியிருக்கு? உடும்புப் பிடின்னு ஒரு பழமொழி, அதைக் கட்டிச் சுவரேறின திருடன் கதை, கறி சாப்பிட்டா பலம்ங்கிற நம்பிக்கை. ஹத்தா ஜோடின்னு, அதிர்ஷ்டம் தர்ற செடியோட வேர்னு சொல்லி ஒரு பொருள் விக்கிறாங்க. அது வேர் இல்லை, ஆண் உடும்போட காய வெச்ச பிறப்புறுப்பு. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல உடும்பு முதல் அட்டவணையில இருக்கு, புலி இருக்கிற அதே அட்டவணை. வேட்டையாடினா, விக்கப் பார்த்தா சிறை.

ஒண்ணு சொல்லிடறேன்: இது உடும்பைத் தூக்கிக் கொஞ்சுங்கன்னு சொல்ற எபிசோட் இல்லை. காட்டு விலங்குக்குத் தூரம்தான் மரியாதை. வீட்டுக்குள்ள வந்துட்டா கம்பு தேடாம, கதவைத் திறந்து வழிவிட்டு, வனத்துறைக்குச் சொல்லுங்க.

கதை எழுதுறவங்க, கேம் டிசைன் பண்றவங்க, சும்மா நோட்டுல டிராகன் வரையுறவங்களுக்கு ஒரு வேலை. உங்க புது இனத்துக்கு இறக்கை வரையுறதுக்கு முன்னாடி அஞ்சு கேள்விக்குப் பதில் எழுதுங்க. என்ன சாப்பிடும்? எங்க தூங்கும்? குட்டியை யாருகிட்ட இருந்து காப்பாத்தும்? அதோட ஆயுதம் எத்தனை தடவை வேலை செய்யும்? அதால செய்யவே முடியாதது என்ன? முடிச்சதும் அதே அஞ்சு கேள்வியை உங்க தெருவுல இருக்கிற ஓணான், ஆந்தை, வௌவால் ஏதாவது ஒண்ணுக்குக் கேட்டுப் பாருங்க. எத்தனைக்குப் பதில் தெரியுதுன்னு எங்களுக்கு எழுதி அனுப்புங்க, நல்ல பதில்களை அடுத்த எபிசோட்ல படிக்கிறோம். அதுவரைக்கும், பை மக்களே!